சார்ஜ்பேக் வந்துவிட்டது, பணத்தைப் பிடித்துவிட்டார்கள்: கடைக்காரர் என்ன செய்யலாம்?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்து இணையத்தில் விற்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் 42,600 ரூபாய்க்கு ஒரு ஜோடி அன்ன விளக்கு வாங்கியது. பார்சல் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, 'சொன்னபடி பொருள் இல்லை, அன்னம் இரண்டும் வரவில்லை, பித்தளை முழுக்கக் கறை' என்று அவர்களுடைய வங்கியில் புகார். கார்டில் கட்டிய பணத்தை இப்படி வங்கி வழியாகத் திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். இணையத்தில் வரும் கார்டுப் பணத்தை வாங்கிக் கடைக்காரருக்குத் தரும் கேட்வே நிறுவனம், அடுத்து அவர் கணக்குக்கு அனுப்பும் பணத்தில் (செட்டில்மென்டில்) அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் கேட்டால் அந்தக் குடும்பத்திடமிருந்து பதில் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிரச்சினையை முடித்துவிடலாமா, சண்டை போடலாமா என்பது கேள்வி.

முதலில் ஒன்று: தனியாக ரீஃபண்ட் எதுவும் போட்டுவிடாதீர்கள். சார்ஜ்பேக் பதிவானவுடன் தொகை உங்கள் பக்கத்திலிருந்து ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது நீங்கள் பயந்துபோய் ரீஃபண்ட் பொத்தானை அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகும். விளக்கும் போய், பணம் இரட்டிப்பாகப் போய், பிறகு அதை மீட்க அலைய வேண்டியிருக்கும். திருப்பித் தருவதுதான் நியாயம் என்று நீங்கள் முடிவு செய்தாலும், கேட்வேயின் இணையப் போர்ட்டலில் சார்ஜ்பேக்கை 'ஏற்கிறேன்' என்று சொன்னால் போதும். அதே வழியில் பணம் போய்விடும்.

அடுத்து, யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் தன் கார்டைக் கொடுத்த வங்கியிடம் புகார் சொல்கிறார். அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று எந்த நெட்வொர்க்கோ அதன் வழியாக உங்கள் கேட்வேக்குப் பின்னால் இருக்கும் வங்கிக்கு அனுப்புகிறது. அவர்கள் கேட்வேக்கு, கேட்வே உங்களுக்கு. நீங்கள் அனுப்பும் பதில் இதே பாதையில் திரும்பிப் போய், கடைசியில் வாடிக்கையாளருடைய வங்கியில் ஒரு ஊழியரின் மேசைக்குப் போகிறது. அவருக்கு நாச்சியார்கோவில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. உங்கள் பட்டறைக்கு எத்தனை தலைமுறைப் பெயர் என்பதும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது ஒரு புகார்க் குறியீடு, வாடிக்கையாளர் எழுதிய நாலு வரி, நீங்கள் அனுப்பிய காகிதங்கள். அவ்வளவுதான். கேட்வேகாரரைப் போனில் திட்டுவதால் பயன் இல்லை. அவர்கள் கடிதம் கொண்டுபோகிறவர்கள், தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை.

ஆகவே குறியீட்டைப் பாருங்கள். கேட்வே அனுப்பிய மெயிலிலோ போர்ட்டலிலோ கட்டாயம் இருக்கும். விசாவில் 10.4 என்றால் 'இந்தக் கார்டு பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை' என்ற மோசடிப் புகார். 13.1 பொருள் வரவில்லை. 13.3 சொன்னபடி இல்லை, அல்லது பழுது. 13.6 திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை. 13.7 ரத்து செய்தும் பணம் தரவில்லை. மாஸ்டர்கார்டில் மோசடிக்கு 4837; பொருள் வராதது, சரியில்லாதது போன்ற புகார்களெல்லாம் பெரும்பாலும் 4853 என்ற ஒரே குடைக்குள் வரும். ஒவ்வொரு குறியீடும் ஒரு தனிக் கேள்வி. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருபுவனத்தில் பட்டுப்புடவை விற்கும் ஒருவர், ஜிஎஸ்டி சான்றிதழ், சில்க் மார்க் சான்று, வாங்கிய விருதுகளின் படம், கடையின் வரலாறு என்று பெரிய கட்டாக அனுப்பினார். வந்திருந்த புகாரோ 'ரீஃபண்ட் வரவில்லை' என்பது. அவர் ரீஃபண்ட் போட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. அந்த ரீஃபண்டுக்கு வங்கி கொடுக்கும் ஏஆர்என் என்ற எண்ணையும் தேதியையும் ஒரே பக்கத்தில் அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்தவருக்கு அந்த எண் கண்ணில் படவில்லை. தோற்றார். நேர்மையான கடைக்காரர் இப்படித் தோற்பதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். 'சொன்னபடி இல்லை' என்ற வகையில் கடைக்காரருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. வாடிக்கையாளர் வங்கிக்குப் போகும் முன் உங்களிடம் சொல்லித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்ப முயன்றிருக்க வேண்டும். விளக்கையும் பூஜையறையில் வைத்துக்கொண்டு பணத்தையும் வாங்கிக்கொள்ள விதி இடம் தரவில்லை. பார்சல் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அவர்கள் உங்களுக்கு அனுப்பிய மெயில், வாட்ஸ்ஆப் எல்லாவற்றையும் தேடுங்கள். புகார் சொல்லி ஒரு வரிகூட வரவில்லை என்றால் அதையே முதல் வாதமாக வையுங்கள். 'ரொம்ப அழகா இருக்கு' என்று ஏதாவது செய்தியோ படமோ அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. தேதி, நேரம், நம்பர் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இரண்டாவது, எடை. உங்கள் ஊர் விளக்குக்கு இருக்கும் பெரிய வசதி இது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுகிறீர்கள். விலை போடுவது எடைக்கு. உங்கள் பில்லில் பொருளின் எடை இருக்கும். கூரியர் ரசீதில் பெட்டியின் எடை இருக்கும். ஏற்றுமதிக்குக் கொடுத்த இன்வாய்ஸிலும் எடை இருக்கும். இரண்டு அன்னமும் சேர்ந்து ஒரு கிலோ அளவு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்னம் இல்லாமல் பெட்டி போயிருந்தால் கூரியர் எடையில் ஒரு கிலோ குறைந்திருக்க வேண்டும். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடைகளை வட்டமிட்டு, 'பொருள் இவ்வளவு, அட்டைப்பெட்டியும் பொதியும் இவ்வளவு, கூட்டினால் கூரியர் எடை' என்று கணக்காகக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கூரியர் ரசீதில் சில சமயம் பெட்டியின் அளவை வைத்துப் போட்ட எடை இருக்கும். நமக்கு வேண்டியது தராசில் நிறுத்த எடை.

கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கிலோ உண்மையிலேயே குறைகிறது என்றால்? அப்போது தவறு நம் பட்டறையில். சண்டை போடக் கூடாது. அன்னத்தை உடனே அனுப்புவதாகச் சொல்லிப் பாருங்கள். பகுதித் தொகையை ஏற்றுக்கொண்டு மீதிக்கு மட்டும் எதிர்ப்புத் தெரிவிக்கவும் வழி உண்டு, கேட்வேயிடம் கேளுங்கள்.

மூன்றாவது, கறை. பித்தளை காற்றுப்பட்டால் மங்கும், புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது நமக்குப் பாட்டி காலத்துச் செய்தி. வங்கி ஊழியருக்கு அது புதிது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் 'கையால் செய்தது, நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும், பித்தளை நாளடைவில் மங்கும்' என்று எழுதியிருக்கிறீர்களா? இருந்தால், ஆர்டர் வந்த நாளில் அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அந்தப் படத்தை வையுங்கள். இல்லை என்றால் இப்போது அவசரமாகச் சேர்த்துவிட்டு அதை ஆதாரமாக அனுப்பாதீர்கள். அது பொய்ச்சான்று. வருங்கால ஆர்டர்களுக்காக இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பதில் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

'ஆர்டர் எண் இது, தேதி இது, தொகை 42,600 ரூபாய். வாடிக்கையாளரின் புகார்: மேல்பாகம் இரண்டும் வரவில்லை, உலோகத்தில் கறை. எங்கள் பதில்: பெட்டி இந்தத் தேதியில் அவர் கொடுத்த முகவரியில் ஒப்படைக்கப்பட்டது (இணைப்பு 1). பில், ஏற்றுமதி இன்வாய்ஸ், கூரியர் ரசீது மூன்றிலும் உள்ள எடை முழு ஜோடிக்கும் பொருந்துகிறது (இணைப்பு 2). ஒப்படைத்த நாள் முதல் புகார் நாள் வரை அவர் எங்களிடம் எந்தக் குறையும் தெரிவிக்கவில்லை, பொருளைத் திருப்பி அனுப்பவும் முன்வரவில்லை (இணைப்பு 3). பித்தளையின் நிறம் பற்றி விற்பனைப் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம் (இணைப்பு 4). எனவே இந்தப் புகாரை ஏற்க மறுக்கிறோம்.'

கோபம் வேண்டாம். 'ஏமாற்றுக்காரர்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. தமிழில் இருக்கும் வாட்ஸ்ஆப் உரையாடலுக்குக் கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதிவிடுங்கள். கார்டு எண், ஆதார் நகல் எதையும் கட்டில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, கடிதத்தில் சொன்ன வரிசையிலேயே வைத்தால் படிக்கிறவருக்கு வேலை சுலபம். அவருக்கு வேலை சுலபமானால் நமக்கு நல்லது.

இதற்கிடையில் வாடிக்கையாளரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். வாட்ஸ்ஆப் வேண்டாம், மெயில் போடுங்கள். அதுவும் ஒரு சான்றாகும். 'அம்மா, பெட்டியின் அடியில் அன்னம் இரண்டையும் தனிப் பொதியாகச் சுற்றி வைத்திருந்தோம், ஒரு தடவை பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு அனுப்புகிறேன்' என்று மரியாதையாக எழுதுங்கள். நிறையப் பேர் பெட்டியை முழுதாகக் காலி செய்யாமல் பரணில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் மனசு மாறினால் வாய்ப்பேச்சோடு விடாமல், 'புகாரை வாபஸ் வாங்குகிறேன்' என்று அவர்கள் தங்கள் வங்கிக்கு எழுத வேண்டும், அந்த நகல் உங்களுக்கு வர வேண்டும். அது வந்தாலும் கெடுவுக்குள் உங்கள் பதிலையும் ஏற்றிவிடுங்கள். பதிலே போகாவிட்டால் நீங்கள் புகாரை ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.

உங்கள் கேள்வி இதோடு முடிந்தாலும், டெல்டாவில் இணையத்தில் விற்கிறவர்கள் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் மற்ற வகைகளையும் சொல்கிறேன்.

மோசடிப் புகாரில் பெரிய வேறுபாடு ஓடிபிதான். இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டுக்கு இணையத்தில் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து வைத்திருக்கிறது. ஓடிபி போட்டு நடந்த பரிவர்த்தனையை 'நான் செய்யவில்லை' என்று வாடிக்கையாளர் சொன்னால், பொதுவாக அந்த நஷ்டம் அவருடைய வங்கியின் பொறுப்பு, உங்களுடையது இல்லை. ஓடிபி சரிபார்ப்பு நடந்ததற்கான விவரத்தைக் கேட்வேயிடம் வாங்கி அனுப்பினால் போதும். வெளிநாட்டுக் கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலைச் சிலை, வீணை என்று விலை கூடிய பொருள்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள்தான் என்பதால் நம் ஊர்க் கடைகள் இதில் மாட்டுகின்றன. வெளிநாட்டுக் கார்டுக்கும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க முடியுமா என்று கேட்வேயிடம் கேட்டு வையுங்கள். சில ஆர்டர்கள் பாதியில் நின்றுபோகும். லட்ச ரூபாய் நடராஜரை அனுப்பிவிட்டுக் கையைப் பிசைவதற்கு அது எவ்வளவோ மேல்.

பழைய வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று 'நான் வாங்கவே இல்லை' என்றால், விசாவில் 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வழி இருக்கிறது. அதே கார்டில் அவர் உங்களிடம் முன்பு வாங்கி, புகார் வராத இரண்டு ஆர்டர்கள் வேண்டும். அவை 120 நாளுக்குப் பழையவையாகவும் ஒரு வருடத்துக்கு உட்பட்டவையாகவும் இருக்க வேண்டும். அந்த ஆர்டர்களிலும் இதிலும் ஐபி முகவரியோ சாதன எண்ணோ ஒன்று பொருந்தி, கூடவே டெலிவரி முகவரி, லாகின் போன்றவற்றில் இன்னொன்றும் பொருந்தினால், பொறுப்பு வங்கியின் பக்கம் திரும்பும். உங்கள் இணையதளம் இந்த விவரங்களைச் சேமிக்கிறதா என்று அதைச் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். கார்டு எண்ணை மட்டும் சேமிக்கக் கூடாது. 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி அதைத் தடுத்துவிட்டது.

இந்த மாதிரிப் புகார்களில் பாதி மோசடியே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்டேட்மென்டில் வரும் பெயர்தான் காரணம். இணையதளம் ஒரு பெயரில், ஜிஎஸ்டி பதிவு தாத்தா பெயரில், வங்கிக் கணக்கு 'அன்ட் சன்ஸ்' என்று வேறொரு பெயரில். டாலஸில் இருப்பவர் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு, 'யார் இந்த கோவிந்தசாமி அன்ட் சன்ஸ்?' என்று வங்கிக்குப் போன் போடுகிறார். அவர் மேல் என்ன தப்பு? கேட்வேயிடம் சொல்லி, வாடிக்கையாளருக்குத் தெரிந்த கடைப் பெயர் ஸ்டேட்மென்டில் வருமாறு மாற்றச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

பொருள் வரவில்லை என்ற புகாருக்கு டெலிவரிச் சான்று ஒன்றே மருந்து. கையெழுத்துடன் கூடிய டெலிவரி ரசீது (பிஓடி), முகவரி, தேதி. கூரியராக இருந்தாலும் ஸ்பீட் போஸ்டாக இருந்தாலும், டெலிவரி ஆன அன்றே டிராக்கிங் பக்கத்தைச் சேமித்து ஆர்டர் எண்ணோடு வைத்துவிடுங்கள். கார்டுக்காரருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. ஐப்பசியில் தீபாவளிக்கு விற்ற புடவைக்கு மாசியில் புகார் வரலாம். அப்போது தேடினால் டிராக்கிங் விவரம் இணையத்தில் இருக்காது. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அந்த நாடு 2025 ஆகஸ்ட் இறுதியில் எடுத்துவிட்டது. வரி கட்டச் சொன்னவுடன் பார்சலை வாங்காமல் விட்டுவிட்டு 'வரவில்லை' என்று புகார் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் நாட்டுச் சுங்கத்தில் பார்சல் நிற்கிறது என்றால் அந்தப் புகார் விசா விதிப்படி செல்லாது. டிராக்கிங்கில் சுங்கம் என்று காட்டும் வரியை எடுத்து அனுப்புங்கள். வரியைப் பொருள் வாங்குபவரே கட்ட வேண்டும் என்பதை ஆர்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவதும் அவசியம்.

கும்பகோணத்தில் லாட்ஜ், நவக்கிரகக் கோவில்களுக்கு வேன் என்று நடத்துகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் ரத்துப் புகார். 'ரத்து செய்தால் பணம் கிடையாது' என்று ரிசப்ஷனில் பலகை மாட்டியிருப்பது உதவாது. முன்பதிவு செய்யும்போதே அந்த விதியை வாடிக்கையாளர் படித்து, சம்மதக் கட்டத்தில் டிக் போட்டார் என்று காட்ட வேண்டும். 2028 மகாமகத்துக்கு இணையத்தில் அறை முன்பதிவு எடுக்கப் போகிறவர்கள் இதை இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு முன்பணத்தில் வரும் தகராறுகளைப் பிறகு சமாளிக்க முடியாது.

யுபிஐ வேறு கதை. அங்கே வருவது பெரும்பாலும் 'பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை' என்ற பிரச்சினை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, கடைக்கு உறுதியாகாத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருள் கொடுக்காதீர்கள், உங்கள் ஆப்பில் பாருங்கள். 'தப்பா அனுப்பிட்டேன், ரொக்கமா குடுங்க' என்று யாராவது வந்தால் ரொக்கம் தராதீர்கள். வந்த வழியிலேயே ரீஃபண்ட் போடுங்கள். அது யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்த பிறகு உங்கள் கணக்கைத்தான் நிறுத்தி வைப்பார்கள். அப்படி நின்றால் அந்த விற்பனையின் பில், கடைக் கேமரா பதிவு இரண்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கும் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல், புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள்.

பதில் அனுப்பியும் தோற்றால்? கார்டு வழக்கில் அதற்கு மேல் முன்-நடுவர் கட்டம், பிறகு நெட்வொர்க்கே தீர்ப்புச் சொல்லும் நடுவர் கட்டம் என்று இருக்கிறது. நடுவர் கட்டத்தில் தோற்றவர் தலையில் நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம் விழும். 42,600 ரூபாய்க்கு அந்த எல்லைக்குப் போக நான் சொல்ல மாட்டேன். ஆனால் சார்ஜ்பேக்கில் தோற்றதால் உங்கள் பாக்கி இல்லாமல் போய்விடாது. பொருள் அவர்களிடம் இருக்கிறது, பணம் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. உள்நாட்டு வாடிக்கையாளராக இருந்தால் நோட்டீஸுக்கே பலர் பேச வருவார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் ஜெயித்த சார்ஜ்பேக்கும் எண்ணிக்கையில் சேரும். விற்பனையில் இவற்றின் விகிதம் கூடக் கூட கேட்வேயின் பார்வை மாறும். செட்டில்மென்டைத் தாமதப்படுத்துவார்கள், கணக்கையே மூடவும் செய்வார்கள். ஆகவே புகார் வங்கிக்குப் போகும் முன் உங்களிடம் வர வேண்டும். பில்லில் போன் நம்பர், வாட்ஸ்ஆப், மெயில் மூன்றும் பெரிதாக இருக்கட்டும். டெலிவரி ஆன மூன்றாம் நாள் 'விளக்கு நல்லபடியா வந்துச்சா? பூட்டிப் பார்த்தீங்களா?' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு வரும் பதில் பிறகு பெரிய ஆதாரமாக நிற்கும்.

பட்டறையில் பொதி கட்டுகிறவரிடமும் சொல்லி வையுங்கள். பெட்டியை மூடும் முன், எல்லாப் பாகங்களையும் மேசையில் பரப்பி, பக்கத்தில் ஆர்டர் எண் எழுதிய தாளை வைத்து ஒரு படம். பிறகு அன்னத்தைச் சுற்றி உள்ளே வைப்பதிலிருந்து டேப் ஒட்டுவது வரை கேமராவை நிறுத்தாமல் ஒரு வீடியோ. பெட்டியைத் தராசில் ஏற்றி, எண் தெரிகிற மாதிரி இன்னொரு படம். நம் ஊர் ஆட்கள் இதை 'நம்மளையே நம்பலையா' என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் இது என்று சொல்லிப் புரியவையுங்கள். அன்னம் காணோம் என்றதும் முதல் பழி அவர்கள் மேல்தானே விழுகிறது.

வெள்ளிக்கிழமை கெடு என்றால் புதன்கிழமையே ஏற்றிவிடுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் சில போர்ட்டல்கள் ஏற்றுக்கொள்ளாது, சுருக்கி ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய பிறகு 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று நிலை மாறியதா எனப் பார்த்து அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முடிவு தெரிய சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த 42,600 ரூபாயை நம்பி வெண்கல, பித்தளைச் சரக்குக்கு முன்பணம் எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.